யார் முகம், யார் குரல்?

முள்ளியவளையை அடுத்திருக்கும் தண்ணீரூற்றில், மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், உறவினர் வீடொன்றில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். அவ்வீட்டுச் சிறுமி புலமைப்பரிசிற் பரீட்சையை எழுதி முடித்துவிட்ட மகிழ்ச்சியில், கனடாவிலிருந்து வந்த மாமன் கொடுத்துச் சென்ற படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிக்ஸார் நிலையம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டேர்னிங் ரெட்' என்னும் கார்ட்டூன் படம் அது. ரொறன்ரோ நகரத்துப் பள்ளித் தோழியர் நால்வர் அதில் வருகின்றனர். நால்வருள் ஒருத்தி மாநிறத்தவள். பிரியா என்று பெயர். சிறுமி படத்தை நிறுத்திவிட்டுப் பாட்டியிடம் கேட்டாள்:

"அம்மம்மா, உந்தப் பிள்ளை எங்கட ஆளோ?"

"குரல் குடுத்தது எங்கட பிள்ளையொண்டாம் எண்டு மாமா சொன்னவர். கதைக்கிறது இங்கிலீசெல்லோ? எனக்கென்னண்டு தெரியும்?"

அம்மூதாட்டி அசட்டையாகச் சொன்ன விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, மொழி வேறொருவருடையது. வரைந்த கை எவருடையது என்று கேட்பாரே இல்லை. குழந்தைகளுக்காக ஆக்கப்படும் சித்திரப்படங்களின் சரித்திரத்தை இந்த நான்கையும் விட்டுவிட்டு எழுத முடியாது. திரையில் ஒரு மாநிற முகம் தோன்றியவுடன் "எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது" என்று கொட்டு முழக்குவோர் இன்று பெருகிவிட்டனர். கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன என்று நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

சித்திரப்படம் தோன்றிய நாள் முதலே அதில் மிருகங்கள் பேசின. மிருகம் பேசினால் அதில் சாதியேது, நிறமேது என்று எளிதாக எண்ணிவிடலாம். ஆனால் பேசும் மிருகம் எவருடைய பேச்சையாவது பேசித்தானே ஆக வேண்டும்? வால்ட் டிஸ்னி நிலையம் 1933இல் வெளியிட்ட மூன்று பன்றிக்குட்டிகளின் கதையில், ஏமாற்ற வரும் ஓநாய் ஒரு காட்சியில் யூதத் தெருவியாபாரியின் வேடத்தைப் பூண்டு வந்தது. ஐரோப்பாவில் ஹிட்லர் பதவியேறிய ஆண்டு அது. பல இலட்சம் யூதர் மாண்டு, போரும் ஓய்ந்த பின்னர், 1948இல் அக்காட்சி திருத்தி வரையப்பட்டது. 1940இல் வந்த 'ஃபான்டேசியா'வில், பாதி குதிரையும் பாதி பெண்ணுமான வெண்ணிறத் தேவதைகளின் குளம்புகளைத் துடைத்துவிடும் கறுப்புப் பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். பிற்காலத்தில் அவளை வெட்டி எறிந்தார்கள். பிழையை ஒப்புக்கொள்வது ஒன்று. பிழை செய்யவேயில்லை என்பது போல் துடைத்து வைப்பது வேறொன்று.

1941ஆம் ஆண்டை மட்டும் நாம் விரைந்து கடந்துவிடலாகாது. பெரிய காதுகளையுடைய யானைக்குட்டியின் கதையான 'டம்போ' அவ்வாண்டு ஒக்டோபரில் வெளிவந்தது. தாயைப் பிரிந்த குட்டியின் துயரத்தைக் கண்டு கலங்காத குழந்தை உலகிலே இராது. அதே படத்தில் சர்க்கஸ் கூடாரத்தை மழையிரவில் நாட்டும் கூலியாட்கள் வருகிறார்கள். அனைவரும் கறுப்பர், ஒருவருக்கும் முகம் வரையப்படவில்லை. கேலியும் பாட்டுமாகத் திரியும் காகக் கூட்டமும் வருகிறது. அக்கூட்டத்தின் தலைவனுக்குத் தயாரிப்பாளர் இட்ட பெயர் 'ஜிம் குரோ'. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பரைத் தனிப் பள்ளியிலும் தனி வண்டியிலும் ஒதுக்கி வைத்த சட்டங்களுக்கு வழங்கிய பெயரே அது. அந்தத் தலைவனுக்குக் குரல் கொடுத்தவர் ஒரு வெள்ளையர்.

இவ்வளவோடு அவ்வாண்டின் கதை முடியவில்லை. மே மாத இறுதியில் டிஸ்னி நிலையத்துச் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியத்தில் ஓரவஞ்சனை, படத்தில் பெயர் போடாமை, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவையே வழக்கு. நிலையத்தின் மிகச் சிறந்த கலைஞருள் ஒருவரான ஆர்ட் பாபிட் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். அக்காலத்தில் அந்நிலையத்துப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் ஆடவர் வரைந்த கோடுகளின் மேல் மையிட்டு நிறம் தீட்டும் அறையிலேயே அமர்த்தப்பட்டிருந்தனர். 'டம்போ' படத்திலே முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கப் புறப்படும் கோமாளிகளின் காட்சி, வேலைநிறுத்தக்காரரைப் பரிகசிப்பதற்காகவே சேர்க்கப்பட்டது என்று சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். கூலிக்காரனுக்கு முகமில்லை, உரிமை கேட்டவன் கோமாளி, ஒதுக்கப்பட்டவன் காகம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட குழந்தைப் படமொன்றுக்குள் அன்றைய அமெரிக்கா முழுவதும் அடங்கியிருந்தது எனலாம்.

ஐந்தாண்டு கழித்து, 1946இல், 'சோங் ஒஃப் த சௌத்' வந்தது. பாதி சித்திரம், பாதி மனித நடிப்பு. கறுப்புக் கிழவர் ஒருவர் வெள்ளைச் சிறுவனுக்கு முயல் கதை சொல்கிறார். கிழவராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட்டுக்கு 1948இல் ஒஸ்கார் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சிக்கோ அவர் செல்லவில்லை; அந்நகரின் நிறவொதுக்கல் அதற்கு இடம் தரவில்லை. படத்தின் நாயகனுக்குப் படம் பார்க்க இடமில்லை! தோட்ட முதலாளிகளின் காலத்தை இன்பமயமாகக் காட்டுகிறதென்று கறுப்பு மக்களின் இயக்கங்கள் அன்றே அப்படத்தைக் கண்டித்தன. அந்தக் கண்டனத்தை இங்கே அழுத்திச் சொல்கிறோம். பிற்காலத்தில் நேர்ந்த மாற்றங்கள் எவையும் தயாரிப்பாளரின் மனம் கனிந்து வந்தவையல்ல. 1992இல் வந்த 'அலாதீன்' படத்தின் முதற்பாட்டு அராபியரைக் காட்டுமிராண்டிகளாகப் பழித்தது; அமெரிக்க அராபியர் அமைப்பு எதிர்த்ததன் பின்னர், 1993இல், பாட்டின் ஒரு பகுதியை மாற்றினார்கள். டிஸ்னியின் முதல் இளவரசி 1937இல் திரைக்கு வந்தாள். முதற் கறுப்பு இளவரசி 2009இல் வந்தாள். அவளும் கதையின் பெரும்பகுதியைத் தவளையுருவிலே கழித்தாள் என்பது வேறு கதை.

நம் நாட்டவர்க்கு மேற்குச் சித்திரத்தில் கிடைத்த இடம் எத்தகையது? கிப்ளிங்கின் கதையைத் தழுவிய 'ஜங்கிள் புக்' 1967இல் வந்தது. இந்தியக் காட்டில் நடக்கும் அக்கதையில், இந்தியக் காடுகளில் இல்லவேயில்லாத ஒராங்ஊட்டான் குரங்கு அரசனாக வீற்றிருந்து அமெரிக்க ஜாஸ் பாடுகிறது. அதன் பின் நெடுங்காலம் நம்மைச் சுட்டிய சித்திரம் 'த சிம்ப்ஸன்ஸ்' தொடரில் 1990இல் தோன்றிய கடைக்காரர் அப்பு. எந்த இந்திய மொழியிலும் காணப்படாத நீண்டதொரு குடிப்பெயர் அவருக்கு. குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்னும் வெள்ளை அமெரிக்கர். சித்திரங்களின் பெரும்பகுதியை அசையச் செய்தவர்களோ தென் கொரியாவின் தொழிற்கூடங்களில் கூலிக்கு வரைந்தவர்கள். இந்தியரைக் காட்டும் சித்திரத்தின் முகத்திலும் குரலிலும் உழைப்பிலும் இந்தியர் இல்லை. அந்தக் குரலைப் பள்ளி முற்றத்தில் கேட்டுக் கேட்டுக் கூசி வளர்ந்த தலைமுறையின் சார்பில் ஹரி கொண்டபோலு 2017இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2020இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார். முப்பது ஆண்டுகள்!

இந்தப் பின்னணியிலே பார்த்தால் தண்ணீரூற்றுச் சிறுமி கண்ட பிரியா சிறு முன்னேற்றமே. படத்தை இயக்கிய டோமி ஷி சீனத்திலே பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். தாம் வளர்ந்த நகரத்தைத் தாமே வரைந்தார். பிரியாவுக்குக் குரல் கொடுத்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையின் போரால் நாடு பெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றில், கனடாவின் மிஸிஸாகா நகரில் 2001இல் பிறந்தவர். 15,000 பேருக்கு மேற்பட்டோர் போட்டியிட்ட தொலைக்காட்சித் தொடரொன்றின் தலைமைப் பாத்திரத்துக்குத் தெரிவு செய்யப்பட்டுப் புகழ் பெற்றவர். தம்மைத் தமிழர் என்று கூசாமல் சொல்லிக்கொள்பவர். இவையெல்லாம் மெய். ஆனால் அவர் குரல் தந்த பாத்திரத்தின் முழுப்பெயர் பிரியா மங்கள். வட இந்தியக் குடிப்பெயர் அது. ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் நகரத்தைக் காட்டும் படத்தில், ஈழத்தமிழ்ப் பெண்ணின் குரலை வாங்கிக்கொண்டு, பெயரை வேறிடத்தில் எடுத்திருக்கிறார்கள். இதில் வஞ்சனை இருந்தது என்று நாம் சொல்லவில்லை. மாநிறத்தாரெல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்குவர் என்ற பழைய வசதிதான் இதிலும் தொழிற்படுகிறது. சிறுமியின் கேள்விக்குப் பாட்டியால் விடை சொல்ல முடியாமற் போனதன் காரணம் இதுவே.

சரி, நாமே ஆக்கிக்கொண்டவை யாவை? 1956இல் டிஸ்னி நிலையத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து, இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் இளைஞருக்குப் பயிற்சி தந்தார். அதன் விளைவாக 1957இல் பௌத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவிய சிறுபடம் வந்தது. தொடக்கம் நன்று. அதன் பின்னர் தமிழ்நாடு இத்தொழிலில் நெடுங்காலம் கூலிக்கு வரைபவர் நிலையிலேயே நின்றது. சென்னைப் பென்டாமீடியா நிறுவனம் 2000ஆம் ஆண்டில் பாண்டவர் கதையை முழுநீளச் சித்திரப்படமாக்கியபோது, அந்தப் படம் ஆங்கிலம் பேசியது. ஆங்கிலப் படத்துக்குரிய தேசிய விருதையும் பெற்றது. சென்னையில் வரைந்த பாண்டவர் சென்னைத் தெருவின் மொழியைப் பேசவில்லை. 2007இல் 'இனிமே நாங்கதான்' வந்தது. 2014இல் 'கோச்சடையான்' வந்தது. நடிகரின் உடலசைவைக் கருவியாற் பதிந்து செய்த பெரும் பொருட்செலவுப் படம். எவரையும் எவ்வாறும் வரையலாம் என்ற சுதந்திரத்தைத் தரும் கலையைக் கையிலெடுத்து, ஏற்கெனவே ஆயிரம் சுவரொட்டிகளில் உள்ள நட்சத்திரத்தின் முகத்தையே மீண்டும் வரைந்தார்கள். நமக்கு இது கலையின் தோல்வியாகவே படுகிறது.

இலங்கையில் நடந்தது இதனினும் படிப்பினை மிக்கது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' படத்தைத் தொகுத்தவரான டைடஸ் தோட்டவத்த, அங்கே பிறநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரலேற்றும் பணியை மேற்கொண்டார். டாக்டர் டூலிட்டில் 'டொஸ்தர ஹொந்த ஹித' ஆனார். அமெரிக்க முயலாகிய பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' என்ற தலைப்பிலே கிராமச் சிங்களத்தில் வம்பளந்தது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பெயர், பாட்டு, ஏச்சு, பகிடி அனைத்தையும் தம் மக்களின் வாயிலிருந்து எடுத்தார். அவர் 2011இல் காலமானபோது, அப்படங்களைப் பார்த்து வளர்ந்த சிங்களத் தலைமுறையொன்று தன் பிள்ளைப் பருவத்துக்கே விடை கொடுப்பது போல் கலங்கியது. முகம் அந்நியருடையதாக இருந்தபோதிலும் குரல் தம்முடையதானால் குழந்தை அப்படத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சான்று இது. 2023இல் சிங்களத்தில் 'கஜமன்' என்ற முழுநீள முப்பரிமாணச் சித்திரப்படமும் வந்துவிட்டது.

இதே நாட்டில் தமிழுக்கு ஒரு தோட்டவத்த வாய்க்கவில்லை. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிற்று. முயல் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. வன்னிக்கோ தொலைக்காட்சியே எட்டாக்கனி. போர்க்காலத்தில் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதிக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. ஒரு தலைமுறைச் சிறுவர் கார்ட்டூன் என்பதைக் காணாமலே வளர்ந்தனர். பதுங்குகுழியைக் கண்டனர். 2009க்குப் பின்னர் மின்கம்பங்களும் அவற்றோடு கூரைகளில் டிஷ் தட்டுகளும் வந்தன. 2007இல் சென்னையில் தொடங்கிய சுட்டி டிவி வன்னி முற்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். நல்லதே. ஆனால் அது சென்னைத் தமிழ். 'எங்கட' என்றும் 'கதைக்கிறம்' என்றும் பேசும் ஒரு பாத்திரம் எந்தச் சித்திரப்படத்தில் வந்தது? நம் பேச்சு சென்னைத் திரையில் ஒலித்த சில தருணங்களில், 2000ஆம் ஆண்டின் 'தெனாலி'யில் போல, அது சிரிப்பதற்குரிய பேச்சாகவே ஒலித்தது. குழந்தை இதைக் கற்றுக்கொள்கிறது. கதாநாயகர் பேசும் தமிழ் ஒன்று, அம்மம்மா பேசும் தமிழ் வேறொன்று என்று அதற்குப் புரிந்துவிடுகிறது.

தொகை குறைந்தவர்க்காக யார் படம் எடுப்பார் என்று கேட்போருண்டு. 2017இல் 'மோவானா' நியூசிலாந்தின் மாவோரி மொழியில் வந்தது. 'ஃபுரோஸன்' படத்தின் இரண்டாம் பாகத்துக்காக, வட ஐரோப்பாவின் பழங்குடிகளான சாமி மக்களின் பாராளுமன்றங்கள் 2019இல் டிஸ்னியோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. எங்கள் பண்பாட்டைக் காட்டுவதானால் எங்களைக் கேட்டுக் காட்டு, எங்கள் மொழியிலும் காட்டு என்பதே அதன் சாரம். வடசாமி மொழி பேசுவோர் சில பத்தாயிரம் பேரே. இலங்கைத் தமிழ் பேசுவோர் அதைப் போற் பன்மடங்கினர். தொகையைக் குறை சொல்வதில் பொருளில்லை. அம்மக்கள் கூடிக் கேட்டனர், நாம் கேட்கவில்லை.

பிறரைக் கேட்பதற்கு முன் நம் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். முல்லைத்தீவுப் பகுதி கூத்துக்குப் பேர்போனது. முள்ளியவளைக் கோவலன் கூத்தை அறியாதார் வன்னியில் இலர். இம்மண்ணுக்கே உரிய இன்னொரு கதையும் உண்டு. மதங்கொண்ட யானையை ஆடவர் அஞ்சி நின்ற வேளையில் தனியளாய்ச் சென்று பணியவைத்துக் கட்டிய அரியாத்தையின் கதை அது. பின்னர் வஞ்சனையால் அவள் மாண்டாள் என்று அக்கதை முடிகிறது. வேலப்பணிக்கன் ஒப்பாரியாக அதைப் பாடினார்கள், கூத்தாகவும் ஆடினார்கள். டம்போவுக்கு எவ்வகையிலும் இளைத்ததன்று இந்த யானைக் கதை. சித்திரமாக்க இதைவிடப் பொருத்தமான கதையை நாம் காணோம்.

ஆனால் அதை வரைய முற்படும்போது ஒரு கேள்வி எழும். யானை பிடிக்கும் பணிக்கர் யார்? 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யானை பிடிக்கும் பணிக்கர் இத்தீவின் வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் கிராமங்களில் வாழ்ந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அரியாத்தையின் உலகில் முஸ்லிம் அயலவர் இருந்தனர். தண்ணீரூற்றிலும் இருந்தனர், ஒரே கிணற்றுக் குளிர்ச்சியில், ஒரே சந்தையில், ஒரே வயல்வரம்பில். 1990 ஒக்டோபரில், அப்பு என்ற கேலிச்சித்திரம் அமெரிக்கத் திரைக்கு வந்த அதே ஆண்டில், விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேறப் பணித்தனர். 70,000க்கு மேற்பட்டோர் வெளியேறினர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் கைப்பொருளை விட்டுப் போயினர். பெரும்பாலோர் புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் ஒதுங்கினர். போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினர் மீண்டு வந்தனர். புத்தளத்திலே பிறந்த அவர்களது பிள்ளைகளுக்கு அது மீட்சியன்று, புதிய ஊர். கூலிக்காரனை முகமின்றி வரைந்தான் என்று அமெரிக்கச் சித்திரக்காரனைக் குறை கூறினோம். பெண் வேடத்தையும் ஆடவரே கட்டிய, இன்ன சாதியாருக்கே இன்ன இடம் என்று வகுத்து வைத்த நம் கூத்துமேடைகளில், இந்த அயலவருக்கு நாம் என்ன முகம் கொடுத்தோம்?

இதனை அன்று மாலை வீட்டாரோடு பேசிக்கொண்டிருந்தோம். அம்மம்மா அரியாத்தையின் கதையைத் தமக்குத் தெரிந்தவாறு சொன்னார். இடையிடையே ஒப்பாரியின் இழுப்பும் வந்தது. சிறுமி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்துநான்கு சட்டங்கள் வேண்டும் என்று நாம் சொன்னபோது, "ஒரு நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பதோ?" என்று மனக்கணக்காகவே கேட்டாள். பரீட்சை எழுதிய பிள்ளையல்லவா! கொப்பியின் மூலையில் பக்கத்துக்குப் பக்கம் சிறிது மாற்றி வரைந்து, விரலால் விரைந்து புரட்டினால் படம் அசையும் என்று காட்டிக் கொடுத்தோம்.

மறுநாள் காலை நாம் புறப்படும் வேளையில் கணக்குக் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். முப்பது பக்கங்கள் வரைந்திருந்தாள். புரட்டினோம். யானை முன்காலைத் தூக்கிற்று, தும்பிக்கையை வீசிற்று. யானைக்கு முன்னே கயிற்றோடு இருவர் நின்றனர். ஒருத்தி அரியாத்தை. மற்றவள் யாரென்று கேட்டோம். தன் வகுப்பில் அருகில் இருப்பவள் என்றாள். தலையில் முக்காடு வரையப்பட்டிருந்தது. "அவவுக்கு யானையெண்டாப் பயமில்லையாம்" என்றாள். இருபதாம் பக்கத்துக்கு மேல் யானையின் ஒரு கால் குறைந்திருந்தது. அதைச் சுட்டிக் காட்டியதும் கொப்பியைப் பறித்துக்கொண்டு அழிறப்பரைத் தேட உள்ளே ஓடிவிட்டாள்.